அனுபவ சர்டிபிகேட்

தொழிற்பயிற்சிப் பள்ளியில் அறுவடை இயந்திரப் பழுது நீக்கக் கற்றுத்தரும் ஆசிரியர் வேலை. நேர்காணலுக்கு வந்திருந்த ஷேக் பரீதின் விரலிடுக்கில் கிரீஸ் கறை போகவில்லை.

“டிப்ளமோ சரி. மூணு வருஷ அனுபவ சர்டிபிகேட் எங்கங்க?” என்றார் அதிகாரி.

“இருபத்திரண்டு வருஷமா பூதலூர்ல சொந்தப் பட்டறை வச்சிருக்கேன் சார்.”

“உங்களுக்கு நீங்களே எழுதிக்கிட்டா செல்லாதுங்க. முதலாளி கையெழுத்துப் போட்டுத் தரணும், அதான் ரூல்.”

மறுவாரம் மனைவியின் அண்ணன் மகன் ஆஸிம் அல்வாப் பொட்டலத்தோடு பட்டறைக்கு ஓடிவந்தான்.

“அந்த வேலை எனக்குக் கிடைச்சிருச்சு மாமா! சர்டிபிகேட்டைப் பார்த்ததுமே, ‘பேரெடுத்த பட்டறையாச்சே’ன்னு ஓகே பண்ணிட்டாங்க.”

ஒரு நாள்கூட ஸ்பானர் பிடிக்காத ஆஸிம் மூன்று வருடம் வேலை பார்த்ததாக, மச்சான் கெஞ்சியதற்காக எழுதி, முதலாளியாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் ஷேக் பரீதேதான்.