தேங்காய் எழுந்த இடம்

சாமியப்பன் குளத்தை மூடி மனை போட்டபோது, மண் கொண்டுவந்த லாரிகளின் வரிசை அடுத்த மாவட்டம் வரை நீண்டது. இப்போது அங்கே எண்பது வீடுகள், நூற்று இருபது ஆழ்குழாய்கள். ஒன்றிலும் ஈரம் கிடையாது. கடைசியாகப் போட்டது ஆயிரத்து எண்ணூறு அடியில் பூமிக்கே இருமல் வரவழைத்துவிட்டு நின்றுபோனது. இன்று தண்ணீர் காட்டாமல் சாமியப்பனை விடுவதில்லை என்று எண்பது வீட்டாரும் காலிக் குடங்களோடு சூழ்ந்து நின்றார்கள்.

நீரோட்டம் பார்க்கும் செங்கோடன் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு காலையிலிருந்து நடந்துகொண்டிருந்தார். தண்ணீர் இருக்கும் இடத்தில் அது தானாக எழுந்து நிற்க வேண்டும். அதுவோ செத்த எலியைப் போலக் கிடந்தது.

"என்னங்கண்ணா, தேங்காய்க்கு இன்னும் விடியலீங்களா?" என்று சிரித்தபடி சாமியப்பன் கிட்டே போனார்.

தேங்காய் விருட்டென்று எழுந்து நின்றது.

சாமியப்பன் இரண்டடி விலகினார்; அது படுத்துக்கொண்டது. திரும்பி வந்தார், தேங்காய் குடுமியை ஆட்டிக்கொண்டு மறுபடி எழுந்தது.

"கீழ இல்லீங்க," என்றார் செங்கோடன். "உங்களுக்குள்ளதான் இருக்குதுங்க."

யாரும் சிரிக்கவில்லை. தன் வயிற்றுக்குள் சின்னச் சின்ன அலைகள் கரையில் மோதுவதைச் சாமியப்பன் அப்போதுதான் கேட்டார். எங்கோ ஆழத்தில் ஒரு தவளையும் கத்தியது.

குடங்கள் சத்தமில்லாமல் வரிசைக்கு வந்தன. ஆழ்குழாய் போட வந்திருந்த போர்வண்டிக்காரர் கை நிறையச் சுண்ணாம்புப் பொடியோடு குனிந்து, அவருடைய செருப்பைச் சுற்றிப் பதமாக ஒரு வட்டம் போட்டார்.

"அசையாம நில்லுங்கண்ணா. பாயிண்டு மாறிப்போயிரும்."