அறுபது டாலர் குறைச்சல்

“உங்களுக்கு வருமானம் பத்தாதும்மா. வீடு தர முடியாது” என்றாள் குடியிருப்பு ஆபீஸை நடத்தும் டில்லரி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏழைகளுக்கென்றே கட்டிய குடியிருப்பு அது. அதில் குடிபோக ஏழைக்கு வருமானம் பத்தாதாம். எங்கே போய் முட்டிக்கொள்வது?

வீடு கேட்டு வந்தவள் லவோனியா. என்னோடு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவள். துணைக்கு நான்தான் காரில் அழைத்து வந்திருந்தேன்.

அவள் சம்பளம் மாதம் தொள்ளாயிரத்து எண்பது டாலர். வாடகை ஐந்நூற்று இருபது. வாடகையைப்போல இரண்டு மடங்கு சம்பாதித்தால்தான் சாவி தருவார்கள். அதற்கு அறுபது டாலர் குறைச்சல்.

“அறுபது டாலருக்காகவா ஒரு புள்ளையத் தெருவுல விடுவீங்க?” என்றேன்.

டில்லரி அசரவில்லை. மேசை விசிறி முகத்துக்கு நேரே சுற்றுகிறது, அவள் தலையில் ஒரு முடி கலையவில்லை. அப்படி ஒரு அலங்காரம்.

“விதியை நான் எழுதலீங்க. வேற வரும்படி ஏதாவது இருக்கா? தலை பின்னி விடறது, துணி தைக்கிறது? வாரா வாரம் காசு குடுக்கறவங்க ஒரு கடுதாசி எழுதிக் கையெழுத்துப் போட்டா, அதையும் சேத்துக்கலாம். வெள்ளிக்கிழமைக்குள்ள வரணும். இல்லேன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்.”

வெளியே வந்தோம். அலபாமா வெயில் மண்டையைப் பிளந்தது. லவோனியா காரில் ஏறாமல் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

அவள் தவிப்பு எனக்குத் தெரியும். இப்போது இருக்கும் பழைய தகர ட்ரெய்லர் வீட்டில் குளியலறைத் தரை இற்று விழுந்துவிட்டது. சுவரெல்லாம் பூஞ்சை. மகள் ஷெரீஸ் மூச்சிரைத்து இந்தக் கோடையில் மட்டும் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மூன்றாவது முறை வந்தால் என்ன ஆகும் என்று டாக்டரே சொல்லவில்லை. எங்கள் மாவட்டத்தில் வாடகைக்குக் கிடைப்பது இரண்டே ரகம். ஒன்று இப்படி இருக்கும், இல்லாவிட்டால் எண்ணூறு டாலர் இருக்கும்.

பாதி வழியில் மெதுவாக ஆரம்பித்தாள்.

“டெல்ஃபீன் அக்கா... நான்தானே உங்களுக்கு வாரா வாரம் தலை பின்னி விடறேன். அதுக்கு பதினஞ்சு டாலர் குடுக்கறதா நீங்க ஒரு கடுதாசி...”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“குடுக்காததைக் குடுக்கறேன்னு எப்படிடி எழுதறது? நாளைக்குப் பொய்க் கையெழுத்துன்னு என்னைக் கோர்ட்டுல ஏத்தவா?”

“அதுவும் சரிதாங்க்கா” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆறு வருஷப் பழக்கம். என்னிடம் போய்க் காசு வாங்குவாளா அவள்? மனசு வராது.

ஆனால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம் டில்லரியின் லட்சணத்தைச் சொல்லி ஆற்றிக்கொண்டேன். புதன்கிழமை பைபிள் கூட்டத்தில் லவோனியாவுக்காக எல்லாரும் கண்ணீர்விட்டு ஜெபம் செய்தோம். நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாக. கடுதாசிப் பேச்சு வந்ததும் ஆளாளுக்குக் கிளம்புவதற்குக் கைப்பையைத் தேடினார்கள்.

வியாழக்கிழமை லவோனியா சமையலறையில் பாலில் உப்பைக் கொட்டினாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினாள்.

சாயங்காலம் போன் வந்தது. “அக்கா, சாவி கிடைச்சிருச்சு!”

“கடுதாசி யாருடி குடுத்தது?”

“ஒருத்தங்க. பேரைச் சொல்ல வேண்டாம்னுட்டாங்க.”

நல்லது என்று விட்டுவிட்டேன். அடுத்த சனிக்கிழமை ஒரு பீச் பழக் கேக் செய்து எடுத்துக்கொண்டு, அப்படியே என் தலையையும் பின்னிக்கொண்டு வரலாம் என்று புதுவீட்டுக்குப் போனேன். வாசலில் டில்லரியின் கார்.

வலைக்கதவு வழியாக அவள் குரல் கேட்டது.

“பின்பக்கம் இன்னும் கொஞ்சம் வாரி விடு லவோனியா.”

ஓகோ! வீடு கொடுத்ததற்குக் கைக்கூலி இப்படித்தான் வாங்குகிறாளா? பாவப்பட்டவள் கையை ஓசியில் உழைக்க விடுகிறாளே, இவளெல்லாம் ஒரு மனுஷியா? இன்றைக்கு நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.



டில்லரி நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். தலை மொழுமொழுவென்று இருந்தது. ஒரு முடி கிடையாது. கலையாத அந்த அலங்காரம் முழுதும் லவோனியாவின் மடியில் கிடந்தது. அவள் அதைத்தான் சீவிக்கொண்டிருந்தாள். மேசைமேல் ஒரு பத்து டாலர் நோட்டு, ஒரு ஐந்து டாலர் நோட்டு.

டில்லரி தலையை மறைக்கவும் இல்லை, பதறவும் இல்லை.

“உக்காருங்க. ஆபீஸ்காரி சும்மா காசு குடுத்தா தப்பு. வேலைக்குக் கூலி குடுக்கலாமான்னு மேலிடத்துல கேட்டேன், குடுக்கலாம்னாங்க. வாரா வாரம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு. அது பொய்யாகாம இருக்கணும்னா நான் வந்து உக்காந்துதானே ஆகணும்?”

நான் கேக்கோடு நின்றேன். லவோனியா குனிந்த தலை நிமிரவில்லை.

டில்லரி என் தலையை ஆசையாகப் பார்த்தாள்.

“உங்க பின்னல் ரொம்ப நல்லாருக்கே. இதுவும் லவோனியா கைவேலையா? எவ்வளவு குடுக்கறீங்க?”