கூப்பிட்டது யார்?

"அறிவிருக்கா உனக்கு? கூப்பிடுறது யாருன்னே தெரியாம வண்டி அனுப்புறதெல்லாம் ஒரு புரோகிராமா?"

ஆம்புலன்ஸ் கம்பெனி மேனேஜர் போட்ட சத்தத்தில் ஆபீஸே திரும்பிப் பார்த்தது. எதிரே நின்ற புரோகிராமர் பெண் அசரவில்லை.

"நோயாளிக்கு என்ன, எங்கே இருக்கார், இது போதுமே சார். யார் கூப்பிட்டாங்கங்கிறது புரோகிராம்ல போன் எடுக்கிற பகுதி, அந்த ஃபங்ஷனோட நின்னுடும்."

"நிக்கக் கூடாது! பெரிய மனுஷன் கூப்பிட்டாலும் தெருவுல போறவன் கூப்பிட்டாலும் ஒண்ணா?"

"எல்லா ஃபங்ஷனையும் மாத்தி எழுதணும் சார்."

"எதுக்கு? ஆஸ்பெக்ட்னு ஒரு புரோகிராம் டெக்னிக் இருக்கே, படிச்சதில்லையா? எதையும் தொடாம குறுக்கே புகுந்து, கூப்பிட்டது யாருங்கிறதைக் கடைசி ஃபங்ஷன் வரைக்கும் கடத்திடலாம். வண்டியை அனுப்புற இடத்துல முக்கியமானவங்க பேர் வந்தா, முதல் வண்டி அவங்களுக்கு. என் பேரையும் சேர்த்துக்கோ."

"மூச்சுக்குத் தவிக்கிறவங்க காத்திருக்கணுமா சார்?"

"உபதேசத்தை உன் வீட்டுல வெச்சுக்கோ!"

"பார்க்கிறேன் சார்" என்று நகர்ந்தாள்.

"நாலு வரி எழுத வக்கில்லை, நாட்டைத் திருத்த வந்துட்டா!" அவள் காதில் விழட்டும் என்றே சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, மேனேஜரின் அப்பாவுக்குத் திடீரென்று மூச்சுத் திணறியது. மேனேஜர் தன் கம்பெனிக்கே போன் போட்டார். அழுதுகொண்டிருந்த அம்மாவைத் தேற்றி முடிப்பதற்குள் வண்டி வாசலில் நின்றது.

"கொஞ்சம் தாமதிச்சிருந்தாலும் கஷ்டம்தான்" என்றார் டாக்டர்.

மறுநாள் ஆபீஸில் மேனேஜரைக் கையில் பிடிக்க முடியவில்லை. நேராக அவள் மேஜைக்கே வந்தார்.

"பார்த்தியா? என் பேரைப் பார்த்ததும் வண்டி பறந்து வந்துச்சு! அன்னிக்கு என்னவோ நியாயம் பேசினியே?"

"அப்பா எப்படி இருக்கார் சார்?"

"எழுந்து உட்கார்ந்துட்டார். பேச்சை மாத்தாதே!"

"உங்க பேர் அங்கே போகவே இல்லை சார். நீங்க சொன்னதை நான் எழுதவே இல்லை. மூச்சுத் திணறல்ங்கிறது மட்டும்தான் போச்சு."

மேனேஜரின் முகம் சிவந்தது. "என்ன திமிர்! இன்னிக்கே உன்னை வேலையை விட்டுத் தூக்கறேன்!"

"தூக்குங்க சார். ஆனா நேத்து உங்க ஏரியாவுல இருந்தது ஒரே ஒரு வண்டி. கால் சுளுக்குன்னு உங்களுக்கு முன்னாடியே ஒருத்தர் அதைக் கேட்டிருந்தார்."

"எவன் அவன்?"

"நம்ம சேர்மன்."