பையன் மட்டும்

நோரீன் போய்ச் சேர்ந்தபோது, ஸ்பிரிங்ஃபீல்ட் பழைய சாமான் சந்தையில் படம் விற்கும் வெர்ன் தன் சிவப்புக் கைப்பிடிக் கத்தரியால் ஒரு பழைய குடும்பப் படத்தை வெட்டி முடித்திருந்தான். மட்டக்குதிரைமேல் உட்கார்ந்திருந்த பையன் தனித் துண்டாகியிருந்தான்.

"உனக்கு அறிவிருக்கா? அம்மாகிட்டேர்ந்து புள்ளைய வெட்டி எடுத்திருக்கியே."

"குதிரைப் படம்னா உடனே போயிடும். மொத்தக் குடும்பத்தையும் எவன் வாங்குறான்? செத்தவங்களுக்கெல்லாம் நீ வக்காலத்து வாங்காத, நோரீன்."

அவள் கண்ணெதிரிலேயே ஒரு தாடிக்காரர் பையனை வாங்கிப் போனார். மிச்சத்தை நோரீன் வாங்கினாள். யார் யாரோ தூக்கிப்போட்ட படங்களையும் கடிதங்களையும் அவள் குடும்பம் கலையாமல் உறை போட்டு வைப்பவள். அன்று இதையும் ஓர் உறையில் போட்டு வைத்தாள். படத்தில் அம்மாவின் கை, வெட்டிய ஓரத்தோடு நின்றிருந்தது.

மறுநாள் அதில் அப்பாவும் இரண்டு பெண்களும்தான் இருந்தார்கள். அம்மா நின்ற இடத்தில் வீட்டுச் சுவர் தெரிந்தது.

அடுத்த வாரம் தாடிக்காரர் வெர்னைப் பிடித்து உலுக்காத குறை. "பையன் மட்டும்னு சொல்லித்தானே குடுத்த? இந்தப் பொம்பள யாருய்யா?"

"சத்தியமா நான் குடுத்தப்ப இவ இல்லைங்க. நோரீன், என் கத்தரியப் பாத்தியா? போன வாரத்துலேர்ந்து காணோம்."

நோரீன் படத்தை வாங்கிப் பார்த்தாள். அம்மா ஒரு கையால் பையனை இறுக்கிப் பிடித்திருந்தாள். அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில், அவளுடைய இன்னொரு கையில் இருந்தது மட்டும் சிவப்பாக இருந்தது.

படத்தை வெர்ன் முன்னால் வைத்தாள்.

"இவகிட்டதான் இருக்கு. கேட்டு வாங்கிக்கோ."