ஒரு மணி நேரத் தூரம்

பரண்மேல் கிடந்த பெட்டியின் கைப்பிடியில் சிலந்தி ஒன்று வலை பின்னத் தொடங்கியது.

"இங்கே வேண்டாம். தனசேகர் அம்மாவைப் பார்க்க என்னைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்" என்றது பெட்டி.

"எப்போது?"

"விமானத்தில் ஒரு மணி நேரம்தானே, நினைத்தால் வந்துவிடுவேன் என்று போனில் சொல்லிக்கொண்டே இருக்கிறாரே!"

சிலந்தி வலையை முடித்தது. அதில் குஞ்சுகளும் பொரிந்து, வளர்ந்து, வேறு மூலைகளுக்குப் போய்விட்டன.

ஒரு காலையில் தனசேகர் பெட்டியை வெடுக்கென்று இழுத்தார். வலை கிழிந்தது. சிலந்தி கைப்பிடியில் தொற்றிக்கொண்டது.

"சொன்னேனா இல்லையா?" என்று பூரித்தது பெட்டி. "வாசலுக்கே வந்து 'வாப்பா' என்பார் அம்மா. கேட்டுப் பார்."

விமானம் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிட்டது.

அம்மா வீட்டு வாசலில் தெருவே நின்றிருந்தது. ஒருவர்கூட "வா" என்று சொல்லவில்லை.