அந்தரத்தில் செல்வின்

செல்வின் இருபத்தொரு வருடங்களாக அந்தரத்திலேயே இருந்தார். சாம்பியன் பெல்ட்டுக்காக அவரும் நண்பர்கள் மைதீனும் திருமேனியும் மோதிய ரெஸ்லிங் போட்டி அது. ஒவ்வொரு வருடமும் அதே தேதியில் மூவரும் கூடி அந்த வீடியோவைப் போடுவார்கள். ரிங்கின் மூலைக்கம்பத்தின் உச்சியிலிருந்து செல்வின் கைகளை விரித்து வெளியே பாய்வார். சரியாக அந்த இடத்தில் மைதீன் ரிமோட்டை அழுத்தி நிறுத்திவிடுவார். பிறகு டீ வரும்.

திரையில், பாய்ந்தவருக்கு நேர் கீழே மைதீனும் திருமேனியும் நிற்கிறார்கள். பார்ப்பவர்களுக்கு அவர்கள் எதிரிகள். ஆனால் முன்பே பேசிவைத்து ஆடும் இந்த ஆட்டத்தில், மேலிருந்து வருபவனைத் தாங்கிப் பிடிப்பது எதிரியின் வேலை. அன்று யார் கை தவறியது என்று செல்வின் கேட்டதே இல்லை.

இந்த வருடம் செல்வின் தன் சக்கர நாற்காலியைத் திரைக்கு அருகில் உருட்டிக்கொண்டு வந்தார்.

"ஓட விடு மைதீன்."

"எதுக்குடா இப்ப? டீ ஆறுது பாரு."

"எவ்வளவு நாள்தான் மேலயே இருக்கிறது? நானும் இறங்கணும்ல."

மைதீன் திருமேனியைப் பார்த்தார். திருமேனி தரையைப் பார்த்தார். மேஜைமேல் கிடந்த ரிமோட்டைச் செல்வினே எடுத்து அழுத்தினார். உடனே நாற்காலியைத் திருப்பி, திரைக்கு முதுகு காட்டி, நண்பர்களின் முகங்களைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

அவருக்குப் பின்னால் கூட்டம் ஆரவாரித்தது. சோபாவிலிருந்து இருவரும் எழுந்துவிட்டார்கள். டீ கிளாஸ் ஒன்று உருண்டது. நான்கு கைகளும் அவரை நோக்கி நீண்டிருந்தன.