கரையான் பரம்பரை

என் மனைவி வேதவல்லி யாழ் வாசிப்பவள். சபாவில் இனி மேடை வேண்டுமானால், வாசிப்பது சுவடிக் களஞ்சியத்தோடு சுரம் பிசகாமல் பொருந்த வேண்டும். களஞ்சியம் என்பது எட்டுக் கோடி ஓலைகளை ஒரே மூச்சில் படித்த மேதாவி இயந்திரம். அது தேடிக் கொடுத்த பழம்பாட்டின் நடுவே, சம்பந்தமே இல்லாமல் பதினேழு சுரங்கள் குதித்தன.

வேதவல்லி ஓலைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "ஏங்க, இது சுரமில்ல. கரையான் அரிச்ச ஓட்டை!"

ஓட்டைகளை விட்டுவிட்டு வாசித்துக் காட்டினாள். "மூலத்திலிருந்து விலகல். மேடை கிடையாது" என்றது களஞ்சியம்.

"நாப்பது வருஷம் சாதகம் பண்ணினவ நான். ஓட்டையை வாசிக்கணுமா?"

"மேடை வேணும்னா வாசி" என்றேன்.

பல்லைக் கடித்துக்கொண்டு பதினேழையும் வாசித்தாள். சபா உருகி ஓடியது. முன்வரிசையில் மூன்று பேருக்கு மூச்சே நின்று திரும்பியது. ஒரு ரசிகர் மேடைக்கே ஓடி வந்தார். "மாமி, அந்த இடம் தெய்வீகம்! யார்கிட்ட பாடம்?"

"கரையான்கிட்ட" என்றாள் எரிச்சலோடு.

மறுநாள் களஞ்சியத்தில் அவள் பெயர் ஏறிவிட்டது: "கரையான் பரம்பரையின் ஒரே வாரிசு."

இப்போது வாசலில் ஏழு பேர் வெற்றிலைத் தட்டோடு நிற்கிறார்கள். பாட்டெல்லாம் வேண்டாமாம், அந்தப் பதினேழை மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதுமாம்.